ஆள் நடமாட்டமாக இருந்தாரா?

மலேசியாவில் ஒருவருடைய வயதைத் தெரிந்துகொள்ள அவரைக் கேட்கவே வேண்டியதில்லை. அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும். காய்ச்சலோடு மருத்துவமனை முகப்புக்கு வந்து சேரும் முதியவரைப் பற்றி மருத்துவத்துறை முதலில் அறிவது அந்த ஆண்டைத்தான். அடுத்து இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் என்று பழைய நோய்களின் பட்டியல். நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்வியோ வேறு. இன்னாருடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், பினாங்கில் லிட்டில் இந்தியாவின் அஞ்சடியிலும் சரி, பட்டர்வொர்த்தின் அடுக்குமாடியிலும் சரி, உறவினர் கேட்பது: "ஆள் நடமாட்டமாக இருந்தாரா?" தானே குளித்து, உடுத்தி, கழிவறைக்குப் போய்வந்து, கடைவரை நடந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியவரா, இல்லை எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்திருந்தவரா என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். படித்தவர்கள் இதை வெறும் சம்பிரதாய விசாரிப்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வைரஸ் தொற்றோடு சேர்க்கப்படும் முதியவர் பிழைப்பாரா, பிழைத்தால் எப்படி வாழ்வார் என்பதைக் கணிப்பதில், வயதுக்கும் நோய்ப்பட்டியலுக்கும் தெரியாத சங்கதிகள் இந்த விசாரிப்புக்குத் தெரிகின்றன. அதற்கான விடையை நோயாளியின் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் வாதம்.

2020இன் மாலைப்பொழுதுகளை நினைத்துப் பாருங்கள். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லாவின் அறிக்கைக்காக நாடே காத்திருந்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் ஓர் எண். அதன் பக்கத்தில் பாலினம், வயது, முன்பிருந்த நோய்கள், மருத்துவமனையின் பெயர். மலேசியாவில் கோவிட் கொண்டுபோன 37,000க்கும் மேற்பட்டோரில் பாதிக்கும் அதிகமானவர்கள் 60ஐக் கடந்தவர்கள் என்று நாம் அறிந்தது அந்த வயதுக் கணக்கால்தான். மறு ஆண்டு தடுப்பூசி வரிசையில் முதியோரை முன்னால் நிறுத்தியதும் அதே கணக்குதான். அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் காய்ச்சல் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதற்கு அந்த அறிக்கையின் அமைப்பில் இடமில்லை. அதே மாதங்களில் பிரிட்டனில் 10, இத்தாலியில் ஒன்று என 11 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,564 கோவிட் நோயாளிகளை மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். நோய்க்கு முன்பு இருந்த நலிவைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை குறித்துக்கொண்டார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் முதியோர் மருத்துவர் கென்னத் ராக்வுட் குழுவினர் 2005இல் வெளியிட்டு, பின்னர் ஒன்பது படிகளாக விரித்த அளவுகோல் அது. கடையில் சாமான் வாங்க, சமைக்க, வெளியே போய்வரத் துணை தேவைப்படத் தொடங்கும்போதே ஒருவர் நலிவுப் படிகளில் கால்வைக்கிறார். அந்த ஆய்வில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் இறந்தனர். யார் இறப்பார் என்பதை வயதையும் கூட்டுநோய்களையும்விட அந்தப் படிகளே தெளிவாகக் காட்டின. ஸ்பெயினில் 80 வயதைக் கடந்த 2,772 நோயாளிகளைக் கொண்ட பதிவேட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். அந்த வயதுக்குள்ளும், அன்றாடக் காரியங்களுக்குப் பிறரைப் பெரிதும் சார்ந்திருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து நின்று நாலடி நடந்து கதவைத் திறக்கிறார் என்றால், இருதயம், நுரையீரல், தசை, நரம்பு, கண், காது, மூளை எல்லாம் ஒரே நேரத்தில் ஓரளவாவது ஒத்துழைக்கின்றன என்று அர்த்தம். எந்த இரத்தப் பரிசோதனையும் இத்தனையையும் ஒருசேர அளப்பதில்லை. வைரஸ் கேட்பது சேமிப்பை. அந்தச் சேமிப்பின் இருப்புத்தொகை நடமாட்டத்தில் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. முதுமையில் நோய் பாடப்புத்தகத்தில் எழுதியபடி வருவதில்லை. அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வந்த 817 முதிய கோவிட் நோயாளிகளில் 28 விழுக்காட்டினர் மனக்குழப்ப நிலையில் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோரிடம் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறிகள் இல்லை. அதாவது, நேற்றுவரை தானே சாப்பிட்டவர் இன்று தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், சிலருக்கு அதுதான் தொற்றின் முதல் அறிகுறி. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்க" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். நேற்று எப்படி இருந்தார் என்று தெரியாத மருத்துவரும் அதையேதான் நினைப்பார்.

கோவிட் முடிந்த கதை என்போருக்குப் பினாங்கின் பழைய ஏடுகளே பதில். மலாயாவில் டிங்கிக் காய்ச்சலைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு, 1902இல் ஸ்கே என்பவர் பினாங்கிலிருந்து எழுதியது. 1962இல் இரத்தக்கசிவோடு வரும் டிங்கி இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இந்தத் தீவில்தான். 2024இல் மட்டும் மலேசியாவில் 1,22,000க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது, 117 பேர் இறந்தார்கள். டிங்கியைப் பிள்ளைகளின் நோயாகவே எண்ணிப் பழகிவிட்டோம். முதியவர்களுக்கு வரும்போது அது அடையாளம் மங்கலாக, ஆனால் கடுமையாக வருகிறது என்பதையும், மருத்துவமனையில் அதிக நாள் படுக்கவைக்கிறது என்பதையும் பக்கத்திலுள்ள சிங்கப்பூரின் அனுபவம் காட்டியிருக்கிறது. சளிக்காய்ச்சல் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் இன்ஃப்ளுவென்சா இன்னும் மோசமான வேலை செய்கிறது. முதியோர் திடீரென்று கடும் இயலாமைக்குத் தள்ளப்படும் ஆண்டில் அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிய காரணங்களை 1997இல் ஓர் அமெரிக்க ஆய்வு தொகுத்தது. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, இருதய நோய், புற்றுநோய் ஆகியவற்றோடு நிமோனியாவும் இன்ஃப்ளுவென்சாவும் அந்தச் சிறு பட்டியலில் நின்றன. பக்கவாதம் வந்தவருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தேவை என்பது எல்லாருக்கும் தெரியும். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும் அது தேவைப்படலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

நோய் எடுத்துக்கொள்வது பாதி என்றால் மீதியைக் கட்டில் எடுத்துக்கொள்கிறது. ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 70 வயதைக் கடந்த 2,293 பேரைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. நோய்க்கு முன்பு தானே செய்துவந்த அன்றாடக் காரியங்களில் ஒன்றையாவது இழந்து வீடு திரும்பியவர்கள் 35 விழுக்காடு. வந்த நோய் குணமான பிறகும் இந்தக் கணக்கு! ஆரோக்கியமான முதியவர்களை, நோயே இல்லாமல், 10 நாள் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தபோது கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோவுக்கு நெருக்கமான சதை கரைந்திருந்தது. இன்னோர் ஆய்வில், உதவியின்றி நடக்கக்கூடிய முதியவர்களின் உடலில் அளவீட்டுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். மருத்துவமனையில் கழித்த நேரத்தில் 83 விழுக்காட்டை அவர்கள் படுத்தே கழித்திருந்தார்கள். நடக்க முடிந்தவர்களின் கதை இது. கையில் டிரிப், சில வேளை சிறுநீர்க் குழாய், இடுப்பில் பெம்பர்ஸ், உயரமான கட்டில், இருபுறமும் கம்பி, வீட்டில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடி, டப்பாவில் கிடக்கும் பல்செட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். எல்லாம் சேரும்போது, நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் திரும்புகிறார்.

இந்த இழப்பு வெறும் சௌகரியக் குறைவு என்று நினைத்தால் அதுவும் தவறு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் 70 வயதைக் கடந்தவர்கள் அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்க 2001இல் ஒரு மதிப்பெண் முறை உருவாக்கப்பட்டது. அதில் ஆறே அம்சங்கள்: ஆணா என்பது, இருதயச் செயலிழப்பு, புற்றுநோய், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, அல்புமின் அளவு, வீடு திரும்பும்போது எத்தனை காரியங்களுக்கு அடுத்தவர் துணை வேண்டும் என்பது. இருதயச் செயலிழப்புக்கு 2 புள்ளி; குளிப்பது முதல் சாப்பிடுவதுவரை எல்லாவற்றுக்கும் துணை வேண்டுமென்றால் 5. அந்த ஆறில் வயது இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுபதைக் கடந்தபின் 74க்கும் 84க்கும் உள்ள வேறுபாட்டைவிட, தானே கழிவறைக்குப் போவதற்கும் போக முடியாததற்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிவிடுகிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும், அது வலுவானதும்கூட. நடக்க முடியாதவர் அதிகம் இறக்கிறார் என்றால், நோய் கடுமையாக இருந்ததால் அவரால் நடக்க முடியாமல் போயிருக்கலாம். நடமாட்டம் வெறும் நிழல், நிழலைத் திருத்தி உருவத்தைத் திருத்த முடியுமா? ஓரளவு நியாயம்தான். தொடர்பு வேறு, காரணம் வேறு. ஆனால் இந்தக் கேள்வியைச் சோதனையில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் பம்ப்லோனாவில் 75 வயதைக் கடந்த 370 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். சராசரி வயது 87. ஒரு பிரிவினருக்கு வார்டிலேயே தினம் இரண்டு வேளை, வேளைக்கு 20 நிமிடம், அவரவர் தாங்கும் அளவில் நடையும் கால்வலுப் பயிற்சியும். ஒரு வாரமே நடந்த பயிற்சியின் முடிவில், அன்றாடக் காரியங்களை 100 புள்ளிக்கு அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7 புள்ளி மேலே நின்றார்கள். அதற்கு வெகு முன்பே, 1995இல், கிளீவ்லாந்தில் முதியோருக்கென்றே அமைத்த வார்டில் 651 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான வார்டிலிருந்து 22 விழுக்காட்டினர் பராமரிப்பு இல்லங்களுக்குப் போனபோது இந்த வார்டிலிருந்து போனவர்கள் 14 விழுக்காடு; செலவும் கூடவில்லை. இந்தச் சோதனைகள் காட்டாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நடக்கவைத்ததால் உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை கூடியது என்று அவை நிரூபிக்கவில்லை. அவற்றில் இருந்த நோயாளிகளும் வைரஸ் தொற்றாளர்கள் மட்டுமல்லர். ஆகவே என் வாதத்தை அளவோடு வைக்கிறேன். நடமாட்டம் உயிர்வாய்ப்பைக் கணிக்கிறது. நடமாட்டத்தைக் காப்பாற்றவும் முடியும். இரண்டாவது முதலாவதை மாற்றுமா என்பது திறந்த கேள்வியாகவே இருக்கட்டும். "கைகால் நன்றாக இருக்கும்போதே போய்விட வேண்டும்" என்று வேண்டிக்கொள்ளும் நம் பெரியவர்களிடம் கேட்டால், அந்த இரண்டாவது ஒன்றே போதும் என்பார்கள்.

அடுத்த ஆட்சேபம் அச்சத்திலிருந்து வருவது. இந்த அளவுகோலைக் கையில் கொடுத்தால், படுக்கைக்குத் தட்டுப்பாடு வரும் நாளில் "இவர் நலிந்தவர்" என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைச் சாத்திவிட மாட்டார்களா? கற்பனை அச்சமல்ல. 2020 மார்ச்சில் பிரிட்டனின் சிகிச்சை நெறிமுறை நிறுவனமான நைஸ், தீவிர சிகிச்சை முடிவுகளில் இந்த நலிவு அளவைப் பயன்படுத்தச் சொன்னது. கற்றல் குறைபாடு உள்ளோரின், ஆட்டிசம் உள்ளோரின் அமைப்புகள் கொதித்தெழுந்தன. சில நாள்களிலேயே, 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் நிலையான நீண்டகால ஊனமுள்ளோருக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று திருத்தம் வந்தது. அந்தப் பாடத்தை முழுதாக ஏற்க வேண்டும். ஒருவரைப் பக்கத்துக் கட்டில்காரரோடு ஒப்பிடுவதற்கான கருவி அல்ல இது. 20 ஆண்டாகச் சக்கர நாற்காலியில் நன்றாக வாழ்ந்தவர் அதே நாற்காலியில் வீடு திரும்பினால் அது முழு வெற்றி. அவரை அவருடைய நேற்றோடுதான் ஒப்பிட வேண்டும். மறுபுறம், அளவுகோல் இல்லாவிட்டால் பாரபட்சம் இருக்காது என்று எண்ணுவதும் ஏமாளித்தனம். அப்போது வேலை செய்வது வயது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கும் 82 வயதுக்காரர் அந்தக் கணக்கில் வெறும் 82தான்.

வார்டு நடைமுறையை அறிந்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்: மிஸ்ஸிகளுக்கு மருந்து கொடுக்கவே நேரமில்லை, இதில் நடைப்பயிற்சியா? விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? தொற்றுப் பிரிவில் அறையைவிட்டு வெளியே விடவே கூடாதே? டிங்கியில் தட்டணுக்கள் இறங்கிக் கிடக்கும்போது விழுந்தால் இரத்தக்கசிவு ஆகாதா? இவற்றில் கடைசியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு மூன்று நாள் தனியே எழுந்து நடப்பது கூடாதுதான். ஆனால் கட்டிலிலிருந்து துணையோடு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து சாப்பிடுவது அப்போதும் பலருக்கு முடியும். தொற்றறைக்குள்ளும் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே சில அடிகள் இருக்கின்றன. விழுவதற்கு அஞ்சிப் படுக்கவைப்பது கடனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பது போன்றது. சதை கரைந்த கால்களோடு வீடு போனவர் தன் குளியலறையில் விழுவார். அந்த வீழ்ச்சி மருத்துவமனையின் கணக்கில் வராது. ஆள்பற்றாக்குறை உண்மை, பம்ப்லோனாவில் நடந்தது போலப் பயிற்சியாளர் வைத்துச் செய்வது நமக்கு உடனே ஆகிற காரியமுமல்ல. கேட்பதற்கு அத்தனை ஆள் வேண்டாம். சிட்னி கட்ஸ் 1963லேயே வகுத்துக்கொடுத்தவை ஆறு: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது. சேரும்போது ஒருமுறை, அனுப்பும்போது ஒருமுறை, இரண்டு நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த நோயாளியை வெறும் மருந்துச் சீட்டோடு அனுப்பக் கூடாது. அரசு சுகாதாரக் கிளினிக்குகள் படுத்த படுக்கையானோரின் வீட்டுக்கே போய்ச் செய்யும் பராமரிப்புச் சேவை ஏற்கெனவே நாட்டில் இருக்கிறது. யாருக்கு அது தேவை, படுக்கையில் விழுவதற்கு முன்பே யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அடையாளம் காட்டத்தான் இந்த ஆறு கேள்விகள்.

கைக்கு அடக்கமான இன்னொரு பலம் பார்வை நேரத்தில் வந்துபோகிறது. மகனும் மருமகளும் கஞ்சியோடு வருகிறார்கள். "எழுந்திருக்காதீங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்பதுதான் நம்மிடையே மரியாதை. ஊட்டிவிடுவதும், முகம் துடைத்துவிடுவதும், போர்த்திவிடுவதும் பாசம். இதை எப்படிக் குறை சொல்வது? ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் தடுக்காத வரையில், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது கூடுதல் பாசம். வார்டுகளும் உறவினரைக் கூட்டமாகப் பார்ப்பதை விட்டு, தைரியமாக அவர்களிடம் வேலை கொடுக்கலாம். பார்வையாளரே வரக்கூடாதென்றிருந்த கோவிட் காலத்தில், மற்ற இழப்புகளோடு இந்தக் கைகளையும் சேர்த்துத்தான் இழந்தோம்.

பினாங்குக்கு இது ஏன் அவசரம் என்றால், முதியோர் விகிதத்தில் பேராக்கோடு நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. பிறப்பு விகிதமோ நாட்டிலேயே மிகக் குறைவு. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் படுக்கையறை மாடியில், செங்குத்தான மரப்படிக்கு மேலே; கழிவறை பின்கட்டில். நடக்கும் திறனில் கொஞ்சம் குறைந்தாலே அந்த வீட்டில் வாழ முடியாது. 2018ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 60 வயதைக் கடந்த மலேசியர்களில் 17 விழுக்காட்டினருக்கு அன்றாட அடிப்படைக் காரியங்களில் ஏதோ ஒன்றில் தடை இருப்பதாகக் கண்டது. அது வீடுகளில் எடுத்த கணக்கு. ஒரு காய்ச்சலுக்கும் ஒரு வாரக் கட்டிலுக்கும் முந்திய நிலை.

அரசு மருத்துவமனைகள் மத்திய சுகாதார அமைச்சின் கையில் இருக்கின்றன, மாநில அரசு என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கத் தேவையில்லை. ஐ-செஜாத்ரா திட்டத்தின் கீழ் 60 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் மாநில அரசிடம் அவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆறு கேள்விகளையும் அவர்களிடம் கேட்டு, விடையை ஒரு சிறு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளக் கொடுக்கலாம். நள்ளிரவில் நினைவு தப்பிய நிலையில் ஒருவர் ஆம்புலன்ஸில் வந்து சேரும்போது அவரால் பதில் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் பேசும் மகனுக்கு, அம்மா போன மாதம் தானே குளித்தாரா என்பது உண்மையிலேயே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் "நல்லாத்தான் இருந்தாங்க" என்பார். அந்த அட்டையில் எழுதியிருந்தால் மருத்துவர் அதைப் பார்த்துக்கொள்வார்.